கேள்வி – பதில்: ஆவணப்படம் எடுக்க வருகிறவர்களுக்கு

சமூக, சுற்றுச்சூழல் ஆவணப்படம் எடுப்பது பற்றி வந்த கடிதங்களில், பலரும் கேட்டிருந்த கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்ததால் எல்லாருக்கும் ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

*எண்ணூர்க் கழிமுகம் பாழாவதைப் படமாக எடுக்க மூன்று வருடமாக ஆசை. சாம்பல், எண்ணெய், துறைமுகம், மீனவர் வாழ்க்கை என்று எல்லாம் கண்முன் நிற்கிறது. எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.*
– மீஞ்சூர் வாசகர்

நீங்கள் எழுதியிருப்பது தலைப்பு. படத்துக்கு ஓர் ஆள் வேண்டும், அவர் செய்கிற ஒரு வேலை வேண்டும், அந்த வேலை நடக்கிற ஒரு பருவம் வேண்டும். இந்த மூன்றும் கிடைத்தால் சாம்பலும் துறைமுகமும் தானாக உள்ளே வந்துவிடும்.

உங்கள் பக்கத்து நீர்ப்பரப்பில் இருளர்கள் கையாலேயே இறால் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீருக்குள் குனிந்து சேற்றைத் துழாவி, கைக்குச் சிக்கியதைப் பனையோலைப் பறிக்குள் போடுவார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். அப்போது அவரிடம் மைக்கை நீட்டிக் கேள்வி கேட்க முடியாது. கையை எடுங்கள், பறியை எடுங்கள், உள்ளே இறால் துள்ளுகிற சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். கரைக்கு வந்து உட்கார்ந்த பிறகு, சாம்பல் படிந்த அடிமண் கைக்கு எப்படி இருக்கிறது, பழைய சேறு எப்படி இருந்தது என்று கேளுங்கள். அனல்மின் நிலையச் சாம்பலைப் பற்றி நிபுணர் பத்து நிமிடம் பேசுவதைவிட அந்தப் பதில் அதிகம் சொல்லும். நிபுணரை அதற்கு அப்புறம் தேடிப் போகலாம்.

முதல் எட்டுப் பத்து நாள் கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். நோட்டுப் புத்தகம் போதும். எத்தனை மணிக்குத் தண்ணீர் ஏறுகிறது, எப்போது வற்றுகிறது, இறாலை யார் வாங்குகிறார்கள், என்ன விலை, அன்றைக்கே காசு கைக்கு வருகிறதா, வீட்டில் கணக்குப் பார்ப்பது யார்? படப்பிடிப்பு அட்டவணை இதிலிருந்துதான் வரும். கடல் ஏற்ற இறக்கத்தின் நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். திங்கட்கிழமை காலை 6 மணிக்குப் பார்த்த காட்சியை அடுத்த திங்கள் அதே நேரத்தில் தேடினால் கிடைக்காது. பலர் ஒரு வாரம் வீணடிப்பது இங்கேதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது தொலைக்காட்சிகள் எல்லாம் வந்தன. உங்கள் வேலை அவர்கள் கிளம்பிய பிறகு தொடங்குகிறது. எண்ணெய் பிடித்த வலையை என்ன செய்தார்கள்? நிவாரணப் பட்டியலில் யார் பெயர் விட்டுப்போனது? அடுத்த பருவத்துக்கு யாரிடம் கடன் வாங்கினார்கள்?

*அரசு ஆவணங்கள் கேட்டால் கிடைப்பதில்லை. தகவல் உரிமை மனு போட்டேன். 'இது தகவல் வரையறைக்குள் வராது' என்று பதில் வந்தது.*
– ராணிப்பேட்டை வாசகி

உங்கள் மனுவின் நகலைப் பார்த்தோம். 'தோல் கழிவு பாலாற்றில் கலப்பதை ஏன் தடுக்கவில்லை?' என்று கேட்டிருக்கிறீர்கள். ஏன் என்ற கேள்விக்கு 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் பதில் சொல்ல வேண்டியதில்லை. கோப்பில் இருக்கிற தாளைக் கேட்க வேண்டும்: 'இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை, இந்த இடத்தில் எடுக்கப்பட்ட நீர் மாதிரிகளின் ஆய்வறிக்கை நகல்கள், அதே காலத்தில் அனுப்பப்பட்ட விளக்கம் கேட்கும் கடிதங்களின் நகல்கள்.' தமிழிலேயே எழுதலாம். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாவட்ட மாசுக்கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் பலிக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. ஒரே மனுவில் பதினைந்து கேள்வி கேட்காதீர்கள். ஒரு பொருளுக்கு ஒரு மனு.

பலரும் கேட்காமல் விடுகிற ஒரு பொக்கிஷம் உண்டு. பெரிய திட்டங்களுக்கு நடக்கும் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தை முழுவதுமாக வீடியோ எடுக்க வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையிலேயே இருக்கிறது. எடுக்கிற பொறுப்பு மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கு. அந்தப் பதிவின் நகலைக் கேட்டு மனு போடுங்கள். மக்கள் பேசியதை ஒரு பக்கமும், கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் பதிவானதை இன்னொரு பக்கமும் வைத்து வரி வரியாகப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அது உங்கள் படத்தின் ஒரு முழுக் காட்சி.

*என்ன கேமரா வாங்கலாம்?*
– திருச்சி, சேலம், யாழ்ப்பாணம் என்று பல ஊர் வாசகர்கள்

கையில் இருக்கும் பணத்தில் பாதிக்கு மேல் கேமராவுக்குப் போகக் கூடாது. பழையதாக வாங்கினாலும் பரவாயில்லை. மீதியில் முதலில் மைக், அடுத்து ஹார்ட் டிஸ்க், பிறகு நல்ல டிரைபாட். இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 25 ஃபிரேமில், 1/50 ஷட்டரில் எடுங்கள். 1/60 வைத்துவிட்டு ட்யூப்லைட் எரிகிற வீட்டுக்குள் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். எடிட்டிங்கில் அதைச் சரிசெய்வது பெரும்பாடு. வெளிவெயிலிலும் 1/50 தாங்க வேண்டுமானால் லென்ஸுக்கு, உள்ளே வருகிற ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் கட்டாயம்.

சாம்பல் பறக்கிற இடங்களில் லென்ஸைத் துணியால் துடைக்காதீர்கள். நிலக்கரிச் சாம்பலில் சிலிக்கா துகள் இருக்கிறது. கண்ணாடி மேல் பூசிய பூச்சைக் கீறிவிடும். முதலில் ஊதுபந்தால் ஊதி, பிறகு பிரஷ், கடைசியில்தான் துணி. லென்ஸ் மாற்றுவது வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மட்டும்.

*படம் நன்றாக வருகிறது, பேச்சுதான் கேட்கச் சகிக்கவில்லை. காலர் மைக் வைத்தும் கரகரவென்று இருக்கிறது.*
– தூத்துக்குடி வாசகர்

படம் கொஞ்சம் ஆடினால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். பேச்சு புரியாவிட்டால் எழுந்து போய்விடுவார்.

கரகரப்புக்குப் பெரும்பாலும் காரணம் மைக் அல்ல, மைக்கை எதன் பக்கத்தில் வைத்தீர்கள் என்பதுதான். புடவை கட்டியவரிடம் தோள் மடிப்பில் குத்தினால், அவர் திரும்பும்போதெல்லாம் தாலிச் சங்கிலியோ பாசிமணியோ அதில் உரசும். ஸ்டார்ச் போட்ட பருத்திப் புடவை தானே சரசரக்கும். சங்கிலி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, மறுபக்கத்தில், முகவாயிலிருந்து ஒரு சாண் கீழே மைக் வரட்டும். ஒயரில் சின்ன வளையம் ஒன்று விட்டு மருத்துவ டேப்பால் ஒட்டினால், துணி இழுத்தாலும் மைக்குக்கு அதிர்வு போகாது. இதையெல்லாம் அவரே வைத்துக்கொள்ளும்படி சொல்லிக்கொடுங்கள், அல்லது குழுவில் ஒரு பெண் இருக்க வேண்டும். ஆண் கை அங்கே போகவே கூடாது. அந்த ஒரு நிமிடச் சங்கடம் பேட்டி முழுக்கக் குரலில் தெரியும். வளையல் சத்தத்துக்குக் கழற்றச் சொல்ல வேண்டாம். மடியில் ஒரு துண்டை மடித்து வைத்துக் கைகளை அதன் மேல் வைக்கச் சொன்னால் போதும்.

உங்கள் ஊரில் காற்றுதான் முதல் எதிரி. மைக்கோடு வருகிற கறுப்பு ஸ்பாஞ்சு கடற்காற்றுக்கு உதவாது. முடி வைத்த உறை வேண்டும். பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். சாதாரணப் பேச்சில் மீட்டர் முள் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். அழுகையோ கோபமோ வரும்போது குரல் திடீரென்று ஏறும். அதற்கு அந்த இடைவெளி தேவை.

வீட்டுக்குள் எடுக்கும்போது மின்விசிறியையும் ஃப்ரிட்ஜையும் நிறுத்துங்கள். ஃப்ரிட்ஜை நிறுத்தியதும் உங்கள் பைக் சாவியை அதற்குள் வையுங்கள். திரும்பப் போட மறந்தால் கிளம்ப முடியாது. ஏழை வீட்டில் பாலும் மாவும் கெட்டுப்போக நீங்கள் காரணமாகக் கூடாது. எழுந்திருக்கும் முன், யாரும் பேசாமல், அந்த அறையின் வெறும் ஒலியை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். வெட்டி ஒட்டும் இடங்களில் மெழுகிவிட அது தேவைப்படும்.

*டீக்கடையில் எடுத்த நல்ல காட்சி. பின்னால் ரேடியோவில் சினிமாப் பாட்டு. பயன்படுத்தலாமா?*
– விருதுநகர் வாசகர்

பாட்டுக்கு உரிமம் வாங்காமல் முடியாது. பின்னணியில் தற்செயலாகத் தெரிகிற ஓவியம், சிலை போன்றவற்றுக்குக் காப்புரிமைச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. இசைக்கு அந்த விலக்கு இல்லை. இனிமேல் எடுக்கும்போது கடைக்காரரிடம் சொல்லி ரேடியோவை அணைத்துவிடுங்கள்.

*கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி இறந்தவரின் மனைவி பேசத் தயாராக இருக்கிறார். ஆனால் ஒப்பந்ததாரரை நினைத்துப் பயப்படுகிறார். எழுத்துப்பூர்வமாக ஒப்புதல் வாங்கிவிட்டால் போதுமா?*
– மதுரை வாசகர்

போதாது. கையெழுத்து உங்களைக் காப்பாற்றும், அவரைக் காப்பாற்றாது. படம் முடிந்து நீங்கள் அடுத்த ஊருக்குப் போவீர்கள். அவர் அதே தெருவில், அதே ஒப்பந்ததாரர் நடமாடுகிற ஊரில் இருப்பார்.

முதலில் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். கழிவுநீர்த் தொட்டி மரணங்களுக்கு இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தி உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. இழப்பீடு வந்துவிட்டதா, குற்ற வழக்கில் அவர் சாட்சியா? சாட்சி என்றால், கேமரா முன் சொல்கிற தேதியும் நேரமும் காவல் நிலையத்தில் கொடுத்த வாக்குமூலத்திலிருந்து சற்றே மாறினாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைப் பிடித்துக்கொள்வார். அவருடைய வழக்கறிஞரிடம் பேசாமல் பதிவைத் தொடங்காதீர்கள்.

ஒப்புதலை மூன்று முறை கேளுங்கள்: எடுக்கும் முன், எடுத்து முடித்த அன்று, எடிட் செய்ததை அவருக்குப் போட்டுக் காட்டிய பிறகு. 'யூடியூபில் வரும்' என்றால் அது என்ன என்று புரிந்திருக்காது. 'உங்கள் கொழுந்தன் செல்போனில் பார்ப்பார், பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் பார்ப்பார்கள், அந்த ஒப்பந்ததாரரும் பார்ப்பார். ஒருமுறை போய்விட்டால் திரும்ப எடுக்க முடியாது' என்று சொல்லுங்கள். எடிட் முடிகிற வரை எந்த நாளும் 'வேண்டாம்' என்று சொல்லலாம் என்பதைத் தமிழில் எழுதி, ஒரு நகலை அவர் கையில் கொடுங்கள்.

முகத்தை மறைப்பதென்றால் எடுக்கும்போதே மறைத்துவிடுங்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார வைத்து நிழலுருவாக எடுக்கலாம், அல்லது கைகளை மட்டும். எடிட்டிங்கில் மறைத்துக்கொள்ளலாம் என்று விட்டால் மறைக்காத மூலக்காட்சி டிஸ்க்கில் கிடக்கும். டிஸ்க் தொலைந்தால் எல்லாம் போச்சு. குரலின் சுருதியைக் கூட்டிக் குறைப்பதை நம்பாதீர்கள். அதைத் திருப்பிப் பழைய குரலைக் கண்டுபிடிக்க முடியும். வேறொருவரைக் கொண்டு அதே வார்த்தைகளைப் பேசவைத்து, அதைப் படத்திலேயே எழுத்தில் அறிவியுங்கள். பிறகு பின்னணியைப் பாருங்கள்: சுவரில் மாட்டிய கல்யாணப் போட்டோ, வாசலில் நிற்கிற வண்டியின் எண், தெருமுனைக் கோயில் கோபுரம். தெருக்காரர்களுக்கு இவற்றில் ஒன்று போதும், யார் என்று சொல்லிவிடுவார்கள்.

வேறு படங்களில் குழந்தைகள் வந்தால் இன்னும் கவனம். காப்பகத்தில் இருக்கிற, வழக்கில் சம்பந்தப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி எதையும் வெளியிடக் கூடாது என்கிறது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்கென்றால் அந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவும் சேரும். பெற்றோர் சம்மதித்தார்கள் என்று நீங்களாகவே முடிவெடுக்க முடியாது.

*40 மணி நேரம் எடுக்கப் போகிறோம். எவ்வளவு டிஸ்க் வேண்டும்?*
– நாகர்கோவில் வாசகர்

நொடிக்கு 100 மெகாபிட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. 128 ஜிபி கார்டில் இரண்டே முக்கால் மணி நேரம் பிடிக்கும். 40 மணி நேரம் என்றால் 1,800 ஜிபி. 2 டெராபைட் டிஸ்க் வாங்கினால் கழுத்து வரை நிறைந்துவிடும், எடிட்டிங் கோப்புகளுக்கு இடமிருக்காது. 4 டெராபைட்டாக இரண்டு வாங்குங்கள். ஒன்று உங்களிடம், இன்னொன்று வேறு வீட்டில். இரண்டையும் ஒரே பையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால் ஒன்று வைத்திருப்பதும் இரண்டு வைத்திருப்பதும் ஒன்றுதான். அன்றைய கார்டை அன்றிரவே இரண்டு டிஸ்க்கிலும் ஏற்றி, கோப்புகளின் எண்ணிக்கையும் அளவும் சரியா என்று பார்த்து, நடுநடுவே ஓட்டிப் பார்த்த பிறகே அழிக்க வேண்டும். கோப்புப் பெயரில் தமிழ் எழுத்து வேண்டாம். சில எடிட்டிங் மென்பொருள்கள் அதில் தடுமாறுகின்றன.

பேட்டிகளை எழுத்தாக்க, ஒரு மணி நேரப் பேச்சுக்கு நாலைந்து மணி நேரம் ஒதுக்குங்கள். அவர் 'வந்துக்கினு' என்றால் 'வந்துக்கினு' என்றே எழுதுங்கள். 'வந்துகொண்டு' என்று திருத்திவிட்டால், பிறகு எடிட்டிங்கில் அந்த இடத்தைத் தேடும்போது கிடைக்காது.

*காட்டுக்குள், துறைமுகம் பக்கம், டிரோன் வைத்து எடுக்க என்ன அனுமதி?*
– கோவை வாசகர்

சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். ரேஞ்சர் வாய்வார்த்தையாகச் சரி என்று சொன்னால் அது அனுமதி ஆகாது. நாளை அவருக்குத்தான் சிக்கல் வரும். விண்ணப்பத்தில் குழுவில் எத்தனை பேர், எத்தனை நாள், எந்த இடம், என்ன கருவி என்று எழுதி, கதைச் சுருக்கத்தையும் வையுங்கள். சில மாதம் ஆகும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

டிரோனுக்கு 2021ஆம் ஆண்டு விதிகள். 250 கிராமுக்கு உட்பட்டது நானோ, 2 கிலோ வரை மைக்ரோ. நானோவுக்கு விமானி உரிமம் தேவையில்லை. மைக்ரோவுக்கும் வணிக நோக்கம் இல்லாவிட்டால் தேவையில்லை. காசு வாங்கிக்கொண்டு எடுக்கிறீர்கள் என்றால் தேவை. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை. மண்டலம் என்ன என்பதை அரசின் வான்வெளி வரைபடத்தில் பறக்கவிடுகிற அன்றைக்கே பாருங்கள். துறைமுகம், மின் நிலையம் பக்கம் பார்க்காமல் எடுக்கவே கூடாது. நீர்ப்பறவைகள் கூடுகிற ஏரிகளில் டிரோனே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. பூநாரைக் கூட்டம் மிரண்டு எழுகிற காட்சி அழகாக இருக்கும்தான். அந்தப் பறவைகள் மேய்ச்சலை விட்டுவிட்டுப் பறக்கின்றன என்பதுதான் அங்கே நடப்பது.

*இதை வைத்துப் பிழைக்க முடியுமா? வீட்டில் கேட்கிறார்கள்.*
– தஞ்சாவூர் வாசகி

சொந்தப் படத்தை மட்டும் நம்பி மாதாமாதம் பணம் வராது. இதை வீட்டில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நிலைத்து நிற்கிறவர்களைப் பார்த்தால் கூடவே ஒரு கைத்தொழில் இருக்கும்: எடிட்டிங், ஒலிப்பதிவு, சப்டைட்டில், கல்லூரியில் பாடம், தொண்டு நிறுவனங்களுக்குச் சிறு படங்கள். இவற்றில் ஒலிப்பதிவைக் கற்றுக்கொள்ளுங்கள் என்போம். கேமராக்காரர் ஊருக்கு ஊர் இருக்கிறார். ஆவணப்படத்துக்கு ஒலி பிடிக்கத் தெரிந்தவர் குறைவு.

நிறுவனங்களுக்குப் படம் செய்யும்போது ஒப்பந்தத்தில் கவனம். ஒருவர் கேட்டு, பணம் கொடுத்து எடுக்கப்பட்ட படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர் என்கிறது காப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. நீங்கள் நாற்பது மணி நேரம் எடுத்த மூலக்காட்சியைப் பிற்காலத்தில் உங்கள் படத்தில் சேர்க்க வேண்டுமானால், அதை இப்போதே எழுத்தில் வாங்க வேண்டும். பணம் மூன்று தவணை: தொடங்கும்போது 40 சதவீதம், படப்பிடிப்பு முடிந்ததும் 40, ஒப்படைக்கும்போது 20. திருத்தம் இரண்டு முறை, அதற்கு மேல் நாள் கூலி என்று எழுதுங்கள். இதை எழுதாமல் விட்டவர்கள்தான் எட்டாவது திருத்தத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

சொந்தப் படத்துக்கு நிதி தேட, பெங்களூருவில் இருக்கும் இந்தியக் கலைகளுக்கான அறக்கட்டளை, கொல்கத்தாவில் நடக்கும் டாக்எட்ஜ் கூடல், ஆம்ஸ்டர்டாம் ஆவணப்பட விழாவின் பெர்த்தா நிதி ஆகியவற்றைப் பாருங்கள். வெளிநாட்டுப் பணம் வங்கிக்கு வருவதற்கு முன்னால், வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம் தெரிந்த ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். பணம் வந்த பிறகு உட்கார்ந்தால் தாமதம்.

*திரைப்படக் கல்லூரியில் படித்தே ஆக வேண்டுமா?*
– காரைக்கால் வாசகர்

வேண்டியதில்லை. ஆனால் ஓர் எடிட்டருக்கு உதவியாளராக ஆறு மாதமாவது இருங்கள். எதை எடுக்காமல் விட்டோம் என்பது எடிட்டிங் மேசையில்தான் தெரியும்.

*படத்துக்குச் சென்சார் வேண்டுமா? எடுத்த ஊரிலேயே திரையிட ஆசை.*
– நாகப்பட்டினம் வாசகர்

பொதுத் திரையிடலுக்குச் சான்றிதழ் வேண்டும், ஆவணப்படத்துக்கும் சேர்த்துத்தான். முன்தணிக்கை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1970இல் சொன்ன வழக்கே கே.ஏ. அப்பாஸ் எடுத்த ஓர் ஆவணப்படத்தைப் பற்றியது. 2023ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு சான்றிதழுக்குப் பத்தாண்டு வரம்பு இல்லை. 1990இல் தொடங்கிய மும்பை ஆவணப்பட விழா, திருவனந்தபுரத்தில் 2008 முதல் கேரள சலச்சித்ர அகாதமி நடத்தும் விழா போன்றவற்றில் விழாக்காரர்களே விலக்கு வாங்கிக்கொள்வார்கள். விழாக்களுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் அதற்கு முன் இணையத்தில் ஏற்றாதீர்கள். பல விழாக்கள் முதல் திரையிடலைக் கேட்கின்றன. ஆங்கில சப்டைட்டில் இரண்டு வரிக்குள், வரிக்கு 42 எழுத்துக்குள் இருக்கட்டும்.

ஊரில் போடுவதற்கு முன்னால், படத்தில் வருகிறவர்களுக்கு மட்டும் ஒரு வீட்டில் தனியாகப் போட்டுக் காட்டிவிடுங்கள். யாராவது முகம் சுளித்தால் அப்போதே பேசித் தீர்க்கலாம். முந்நூறு பேர் நடுவில் முடியாது. பிறகு பஞ்சாயத்தாரிடம் எந்த இரவுகளில் ஊரார் கடல் தொழிலுக்குப் போவதில்லை என்று கேட்டுத் தேதி வையுங்கள். 3,000 லூமென்ஸாவது உள்ள புரொஜெக்டர், பத்தடி அகலத் திரை, நன்றாக இருட்டிய பிறகு ஏழேகால் மணிக்குத் தொடக்கம். தெருவிளக்கு ஒன்றை அணைக்க மின்வாரிய ஊழியரிடம் முந்தின நாளே சொல்லிவையுங்கள். ஸ்பீக்கர் இரண்டும் திரைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். கல்யாண வீட்டுக் குழாய் வேண்டாம், பேச்சு புரியாது. கடற்கரையில் திரைத்துணி பாய்மரம் போலக் காற்றைப் பிடிக்கும். கீழ் விளிம்பில் மணல் மூட்டை கட்டி, துணியின் நான்கு ஓரங்களையும் கயிற்றால் கம்பத்தோடு இழுத்துக் கட்டுங்கள். ஜெனரேட்டரை ஐம்பது அடி தள்ளி, காற்று போகிற திசையில் நிறுத்துங்கள். பாட்டிகளுக்கு முன்வரிசையில் நாற்காலி.

(இலங்கை வாசகர்கள் அனுமதி, சட்டம் பற்றிக் கேட்டவற்றுக்கு அங்குள்ள விதிகளின்படி அடுத்த இதழில் தனியாகப் பதில் தருகிறோம்.)